நாலாவது குன்றிமணி

ஏகப்பனுக்குக் கல்லூரியில் முழு மதிப்பெண் கிடைத்த விடை ஒன்றே ஒன்றுதான். கெமிஸ்ட்ரி வகுப்புத் தேர்வில் ஆறாவது கேள்வி: தங்கம் இருக்கக்கூடும் என்று கருதப்படும் பாறையிலிருந்து சோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையை விவரி. பத்துக்குப் பத்து. அந்த விடையின் மூன்றாவது பத்தியில் அவன் இப்படி எழுதியிருந்தான்: "மாதிரியை இடிக்குமுன் உரலைத் துப்புரவாகத் துடைக்க வேண்டும். துடைத்த பிறகும் நம்பக் கூடாது. தங்கமில்லாத வெறுங்கல் கொஞ்சம் போட்டு இடித்து, அந்தத் தூளைக் கொட்டிவிட வேண்டும். முன்பு அந்த உரலில் என்ன இடித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது." கடைசி வாக்கியத்தின் கீழே புரொபசர் சிவப்பு மையில் கோடிழுத்து 'நன்று' என்று எழுதியிருந்தார்.

அந்த விடைத்தாளைப் பெட்டியில் வேட்டிகளுக்கு மேலே, திறந்தவுடன் பிறர் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துக் கோடை விடுமுறைக்கு அவன் மதராஸிலிருந்து காரைக்குடி வந்து சேர்ந்தான்.

வீட்டில் அவனுடைய படிப்பைப் பற்றி யாருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அப்பச்சி முத்தப்ப செட்டியாருக்குப் பர்மாவில் மூன்று ஊர்களில் கடை. பதினான்கு வயதில் கப்பலேறியவர். மகன் இருபது வயதில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் காய்ச்சுவதைப் படிப்பு என்று சொன்னால் மறுக்க மாட்டார், நம்பவும் மாட்டார். ஆத்தா சிகப்பி ஆச்சிக்கு அந்த வருஷம் நினைப்பெல்லாம் மகள் சாலாவின் கல்யாணத்தில் இருந்தது. ஆவணியில் முகூர்த்தம். தாலியாகக் கழுத்தில் கட்டும் கழுத்திருவுக்குத் தங்க உருப்படிகள் செய்ய நாகநாத ஆசாரி வீட்டோடு வந்து இரண்டாம் கட்டில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக அந்த வீட்டுக்கு வேலை செய்கிறவர். காலையில் ஆச்சி தங்கத்தை நிறுத்துக் கொடுப்பார். சாயங்காலம் செய்ததையும் செய்யாததையும் அரத்தூளையும் சேர்த்து நிறுத்து வாங்குவார். சேதாரம் போகக் குன்றிமணி பிசகாது. நம்பிக்கை இருந்ததால்தான் இத்தனை நிறுவை. இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.

ஏகப்பனின் விடைத்தாளை ஒருவரும் பார்க்கவில்லை. பெட்டியை இரண்டு முறை காரணமில்லாமல் திறந்து மூடினான். அப்போதும் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் கண்டரமாணிக்கத்துக் காட்டிலிருந்து செம்மலை வந்தான். முத்தப்ப செட்டியாரின் புஞ்சையை வாரத்துக்குப் பயிரிடுகிறவன். அங்கே ஒரு கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு அடியில் வெள்ளைக் கல் குறுக்கிட்டிருக்கிறது, அதில் மஞ்சளாக ஏதோ மினுங்குகிறது என்று ஒரு துண்டைக் கொண்டுவந்து வைத்தான்.

"ரெண்டு கடப்பாறை தேஞ்சு போச்சு மொதலாளி. வெடி வைக்கணும்னு சொல்லத்தான் வந்தேன்."

செட்டியார் வெடியைக் கவனிக்கவில்லை. மினுங்கலைக் கவனித்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மகன் பக்கம் திரும்பி, "நீ படிச்சதுல இது வருதா?" என்று கேட்டார்.

ஏகப்பன் பிறந்ததே இதற்காகத்தான் என்பதுபோல எழுந்து நின்றான்.

"மினுங்குறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அப்பச்சி. டன்னுக்கு எத்தனை அவுன்சுங்கறதுதான் கணக்கு. ஒரு டன்னுன்னா ரெண்டு மாட்டு வண்டிப் பாரம் கல்லு. அதுலேர்ந்து ஒரு அவுன்ஸ், நாலு பவுனுக்குக் கொஞ்சம் கொறச்சலா வந்தாலே கோலாருக்குச் சமம்."

"ரெண்டு வண்டிக் கல்லுக்கு நாலு பவுனா? இதுக்கா வெள்ளைக்காரன் கம்பெனி போட்டு உக்காந்திருக்கான்?"

"நம்ம வீட்டு நெலைப்பேழையைக் கவுத்தா அதுக்கு மேல விழுகும்" என்றார் சிகப்பி ஆச்சி, நிறுவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி, ரெண்டு வண்டியையும் மதராசுக்கு அனுப்பிச் சோதிக்கணுமா?"

"வேணாம் அப்பச்சி. கடைசியில ஒரு பிடித் தூள் போதும். ஈயத்தோட உருக்கி எலும்புச் சாம்பக் கிண்ணத்துல வச்சுச் சுடுவாக. ஈயத்தை அந்தக் கிண்ணம் குடிச்சிரும், தங்கம் மட்டும் கடுகுல பாதியா நிக்கும். ஆனா அந்த ஒரு பிடி காடு பூராவுக்கும் சாட்சி சொல்லணும். பொய்ச் சாட்சியா இருந்திரப்படாது. அதான் மாதிரி எடுக்கறதே ஒரு சாஸ்திரம்."

சாட்சி என்ற சொல் செட்டியாருக்குப் பிடித்திருந்தது. "அப்ப நீயே போயி எடு" என்றார்.

மறுநாள் ஏகப்பன் காட்டுக்குப் போனான். புத்தகத்தின்படி கிணற்றுக்குள் இறங்கி, வெள்ளைக் கல் ஓடும் வாக்குக்குக் குறுக்கே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, நல்லது கெட்டது பாராமல் ஒரே அகலத்துக்குச் செதுக்கிச் சேர்க்க வேண்டும். கிணற்றின் விளிம்பில் நின்று கீழே பார்த்தான். இருபத்திரண்டு அடி. இறங்குவதற்கு ஒரு கயிறும், செம்மலையின் உறுதிமொழியும் இருந்தன. அவன் கட்டியிருந்ததோ சரிகைக் கரை வேட்டி. மேலே கொட்டிக் கிடந்த குவியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று சாஸ்திரத்தைக் கொஞ்சம் வளைத்தான். குவியலிலும் கை தானாக மினுங்கும் கல்லையே தேடிப் போயிற்று.

செம்மலை கூடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா சின்ன மொதலாளி, பொண்ணு பாக்கற மாதிரி லெச்சணமானதா எடுக்குறீக? அங்குட்டு கெடக்குற கருப்புக் கல்லும் இந்தக் கெணத்துல பொறந்ததுதானே?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது செம்மலை."

"புரியலைதான். தண்ணி எப்ப வரும்னு மட்டும் சொன்னீகன்னாப் போதும். மொளகாக் கன்னு வாடுது."

எட்டு ராத்தல் கல்லோடு ஏகப்பன் வீடு திரும்பியபோது நடுப்பகல். பசி. உள்ளே கந்தரப்பம் சுடும் வாசனை. இரண்டாம் கட்டில் ஆசாரியின் இடம் காலியாக இருந்தது. ஊருணியில் குளித்துச் சாப்பிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். பக்கத்தில், சுக்கு இடிக்கிற பெரிய இரும்பு உரல், மேலே ஒரு பித்தளைத் தட்டு மூடியபடி இருந்தது. தூசி விழாமல் யாரோ மூடி வைத்திருக்கிறார்களே என்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தட்டை எடுத்தான். அடியில் ஒரு பிடி கருந்தூள்.

அந்த இடத்தில் ஏகப்பன் ஒரு கணம் நின்றான். இதைப் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். நிற்கவில்லை என்று தனக்குத்தானே சாதித்துப் பார்த்தும் இருக்கிறான். முடியவில்லை. நின்றான். மூன்றாவது பத்தி அச்சடித்ததுபோல் நினைவுக்கு வந்தது. சிவப்புக் கோடுகூட வந்தது. உரலைக் கவிழ்த்துத் துடைக்க வேண்டும், வெறுங்கல் தேட வேண்டும், இடிக்க வேண்டும், கொட்ட வேண்டும். அப்பம் ஆறிவிடும். எட்டு ராத்தலில் ஒரு பிடி சுக்குத்தூள் என்ன செய்துவிடப் போகிறது என்று கல்லை அதன் தலையில் கொட்டி இடிக்க ஆரம்பித்தான்.

மற்றதையெல்லாம் மிகவும் ஒழுங்காகச் செய்தான். தூள் ஒரு துளியும் தங்கிவிடாமல் தன் சவரப் பிரஷ்ஷால் உரலை மூலைமுடுக்கெல்லாம் கூட்டி எடுத்தான். வெள்ளைத் துணியில் எல்லாவற்றையும் கூம்பாகக் குவித்து, கலைத்து, மறுபடி குவித்து, தோசைபோல் தட்டி, ஓலையால் நாலாகக் கீறி, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்துப் பாதியாக்கி, அதையும் அப்படியே பாதியாக்கினான். எட்டு ராத்தல் இரண்டு ராத்தல் ஆயிற்று. மீதி ஆறு ராத்தலை எறியவில்லை. சந்தேகம் வந்தால் மறுசோதனைக்கு வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. ஒரு பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அரக்கு வைத்து, மாடி அறையில் வைத்தான். தபாலை நம்பாமல் அன்று சாயங்காலமே மோட்டாரில் மானாமதுரை போய், ரயிலேறி, இரண்டு ராத்தலைத் தானே மதராஸுக்குக் கொண்டுபோனான்.

சோதனைச்சாலையில் பன்னிரண்டு நாள் ஆயிற்று. முடிவு வந்தது: டன்னுக்கு நாலு அவுன்ஸ், எட்டு பென்னிவெயிட். பென்னிவெயிட் என்பது அவுன்ஸில் இருபதில் ஒரு பங்கு. கோலாரைப் போல நாலு மடங்குக்கு மேல். கீழே சின்ன எழுத்தில், 'இம்முடிவு எங்களிடம் கொடுக்கப்பட்ட தூளுக்கு மட்டுமே பொருந்தும்' என்று இருந்தது. சின்ன எழுத்து என்பதால் ஏகப்பன் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொண்டு, பெரிய எழுத்தை மட்டும் ஊருக்குத் தந்தியடித்தான்.

அவன் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஆறு மோட்டார் நின்றன. பங்காளிகள் எல்லோரும் அவனைத் தம்பி என்றார்கள். அதுவரை 'முத்தப்பன் மகன்' என்றே சொன்னவர்கள். நெற்குப்பையிலிருந்து வந்த ஒருவர் கம்பெனிக்குப் பேர்கூட யோசித்துவிட்டார். கிணற்று வேலை நின்றிருந்தது; காட்டைச் சுற்றி வேலி போட ஆள் அனுப்பியிருந்தார்கள். அப்பச்சி அவன் தோளில் கை வைத்தார். அந்தக் கை என்ன கனம் இருக்கும் என்று ஏகப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது.

குளித்துவிட்டு இரண்டாம் கட்டுப் பக்கம் போனான். ஆசாரியின் இடம் காலியாக இருந்தது. உமி நெருப்பு வைக்கும் ஓடும் இல்லை, ஊதுகுழலும் இல்லை. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள்.

"ஆசாரி எங்கே ஆத்தா?"

சிகப்பி ஆச்சி குரலைத் தாழ்த்தினார். "அதை ஏன் கேக்குற. நீ மதராசுக்குப் போனியே, அன்னைக்குச் சாயங்காலம் நிறுத்தா, சேதாரம் போக நாலு குன்றிமணி கொறையுது. முப்பது வருசத்துல இப்படி நடந்ததில்லை. கேட்டா ஒரு கதை சொல்றாரு."

"என்ன கதை?"

"தங்கம் உருக்குற மூசை காலையில நெருப்புல வெடிச்சிருச்சாம். ஓட்டுல தங்கம் ஒட்டிக்கிச்சாம். அந்த ஓட்டை எல்லாம் உரல்ல போட்டு இடிச்சு, சாப்பிட்டு வந்து அரிச்சு எடுத்துக்கலாம்னு தட்டைப் போட்டு மூடிட்டுப் போனாராம். வந்து பாத்தா உரல் கண்ணாடி மாதிரி இருந்துச்சாம். நானும் போயிப் பாத்தேன். பளபளன்னு இருந்துச்சு. வேலைக்காரிக சத்தியம் பண்ணுறாளுக, தொடவே இல்லைன்னு. பின்னே உரல் தானாத் தொடைச்சுக்குமா? நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டேன்."

உரலின் மேல் மூடியிருந்த பித்தளைத் தட்டு ஏகப்பனுக்கு நினைவுக்கு வந்தது.

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டான். ஒரு டன், எட்டு ராத்தலைப் போல இருநூற்றெண்பது மடங்கு. நாலு குன்றிமணியை இருநூற்றெண்பதால் பெருக்கினால் ஆயிரத்து நூற்றிருபது. அதை அவுன்ஸாக்கினால் நாலும், எட்டு பென்னிவெயிட்டும் வந்தது. வேறு வழியில் போட்டுப் பார்த்தான். அதுவே வந்தது. அவன் வாழ்நாளில் போட்ட எந்தக் கணக்கும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. கண்டரமாணிக்கத்துக் காட்டின் பங்கு என்று அதில் ஒரு தூசியும் மிச்சமில்லை. அறையின் மூலையில் ஜாடி அரக்கு முத்திரையோடு உட்கார்ந்து அவனைப் பார்த்தது.

இப்போதே கீழே போய்ச் சொல்லிவிடலாம். பதினாறு படி. எழுந்தான். கீழே அப்பச்சி யாரிடமோ, "எம் மகன் எடுத்த சாட்சியய்யா அது, பொய் சொல்லாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏகப்பன் மறுபடி உட்கார்ந்தான்.

அன்று சொல்லவில்லை. பிறகு அவனுக்கு ஒரு யுக்தி தோன்றியது. படித்தவனுக்கு யுக்தி தோன்றுவது நல்லதில்லை. ஆத்தாவிடம் போய், பெரிய மனது பண்ணிய முகத்தோடு, "நாலு குன்றிமணிதானே ஆத்தா. முப்பது வருசம் வந்த மனுசன். எனக்காக விட்டுருங்க" என்றான்.

ஆச்சிக்கு மகனை நினைத்துக் கண் கலங்கியது. ஆசாரிக்கு ஆள் போயிற்று: சின்னவர் சொன்னதால் மன்னித்து விட்டோம், பொருளைக் கேட்கவில்லை, ஆனால் இனி வேலைக்கு வர வேண்டாம்.

மறுநாள் காலை ஆசாரி பின்கட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. முப்பது வருஷத்தில் அவர் உள்ளே வராமல் நின்றது அன்றுதான்.

"தம்பி, நமக்காகப் பேசுனீகளாம். நல்ல மனசு."

ஏகப்பன் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு. மன்னிக்கணும்னா நான் ஏதாச்சும் செஞ்சிருக்கணுமே, தம்பி. நேத்து வரைக்கும் காணோம்னாக. இன்னைக்கு மன்னிச்சிட்டாகன்னு தெருவுல சொல்றாக. தேவகோட்டையில ரெண்டு வீட்டுல உக்கார நாள் பாத்திருந்தேன். ரெண்டு பேருமே வேணாம்னு ஆள் விட்டுட்டாக. இனி எந்த வீட்டுலய்யா என்னைய நம்பி ஒரு மூக்குத்தி குடுப்பாக? முப்பது வருசத்துல ஒரு நாளை எடுத்து நிறுத்துப் பாத்து, என்னையும் அந்த எடைதான்னு முடிவு கட்டிட்டாக."

இதோ, இப்போது. வாயைத் திறந்தான். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டான்.

ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் ஏகப்பன் தன் வாயை நினைத்து அருவருத்தான். கண்ணாடியில் அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பங்காளிகள் கூடினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கம்பெனிக்குக் கையெழுத்துப் போடுமுன் தங்கத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நெற்குப்பைக்காரர் சொன்னார். அவர் ரிப்போர்ட்டை நம்பினார். ஆனால் காகிதத்தில் மினுங்கவில்லையே என்றார்.

"மாடியில ஆறு ராத்தல் மிச்சம் வச்சிருக்கான் எம் மகன்" என்றார் செட்டியார். "அதை அரிச்சுக் காட்டச் சொல்லுவோம். நாகநாத ஆசாரியைக் கூப்பிடு."

"அந்த ஆளையா?" என்றார் ஆச்சி, உள்ளிருந்து.

"தங்கம் தெரிஞ்ச ஆளைத்தானே கூப்பிடணும். ஒளிச்சு வைக்கிற அளவுக்குத் தெரிஞ்சவருன்னா இன்னும் நல்லது. இத்தனை பேர் பாக்க எதை எடுப்பாரு?"

வளவில் சிரிப்பு எழுந்தது. ஏகப்பனும் சிரித்தான். சிரித்துவிட்டு, தான் சிரித்ததைக் கவனித்தான்.

ஆசாரி வந்தார். சிரிப்பு வாசல்வரை கேட்டிருக்கும். வளவு முற்றத்தில் உட்கார்ந்து, ஜாடியின் அரக்கை உடைத்து, தூளை அகலமான மரத்தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, தண்ணீர் விட்டு ஆட்டினார். வெள்ளை மண் கலங்கிக் கலங்கி வெளியே போயிற்று. கனமானது அடியில் தங்கிற்று. கால் மணி, அரை மணி. பங்காளிகள் கழுத்தை நீட்டியிருந்தார்கள். சட்டென்று ஆசாரியின் கை நின்றது. தட்டிலிருந்து உளுந்தளவு கறுப்புச் சில்லு ஒன்றை எடுத்து, விரலில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் கண்ணாடிபோலப் பளபளத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டினார். கடைசியில் தட்டின் ஓரத்தில் மஞ்சள் பிறை ஒன்று நின்றது. வளவே மூச்சை இழுத்தது.

ஆசாரி அதை உலர்த்தி, தன் சிறிய தராசில் குன்றிமணிகளை வைத்து நிறுத்தார். மூன்று. ஒரு மயிரிழை குறையலாம். பிறகு மடியிலிருந்து உரைகல்லை எடுத்து அதில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். அதன் பக்கத்திலேயே தன் பழைய தேய்ப்பு ஒன்று இருந்தது. சாலாவின் கழுத்திருவுக்குத் தேய்த்தது. இரண்டையும் பார்த்தார். ஒரே நிறம், செம்பு கலந்த அதே செவ்வரி. தட்டின் மேல் கையை மூடி வைத்துக்கொண்டு, தலையை உயர்த்தாமலே சொன்னார்:

"சின்னவரே, கொஞ்சம் இங்குட்டு வாங்க."

ஏகப்பன் போய்ப் பக்கத்தில் குந்தினான். ஆசாரி உள்ளங்கையைத் திறந்து கறுப்புச் சில்லைக் காட்டினார். மூசை ஓடு. மூடிக்கொண்டார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?" என்றார்.

"நாளைக்கு... அப்பச்சிகிட்டத் தனியா..."

"உங்களுக்கு நாளைக்கு. எனக்குப் பதினேழு நாளாச்சு, தம்பி."

ஏகப்பன் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"சபையோருக்கு ஒரு விளக்கம். மேற்படி மாதிரியில், இடிக்கும் கட்டத்தில், அந்நியப் பொருள் கலந்திருக்கக்கூடிய சாத்தியம்..."

பங்காளிகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். "படிச்ச பிள்ளை எப்புடிப் பேசுது பாருங்க" என்றார் நெற்குப்பைக்காரர். அப்பச்சி பெருமையாக எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

"இல்லை. அதாவது, உரல்ல ஏற்கெனவே கொஞ்சம் தூள் இருந்துச்சு..."

"இருக்கட்டுமே, தூள்தானே."

ஆசாரி அவனை நிமிர்ந்து பார்த்தார். அவசரப்படுத்தும் பார்வை இல்லை. நிறுவையில் முள் நிற்பதற்குக் காத்திருக்கும் பார்வை.

"காட்டுல தங்கம் இல்லை, அப்பச்சி" என்றான் ஏகப்பன். "இது சாலாவோட தங்கம். ஆசாரி உரல்ல இடிச்சு மூடி வச்சதை, நான் தட்டைத் தொறந்து பாத்துட்டு, அது மேலயே கல்லைக் கொட்டி இடிச்சு மதராசுக்குக் கொண்டு போயிட்டேன். உரலைத் தொடைச்சதும் நான்தான். அவுக ஒண்ணும் எடுக்கலை. வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். மூணு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."



பிறகு நடந்ததில் யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருக்கும். நெற்குப்பைக்காரருக்குத் தன் வீட்டில் ஓர் அவசர வேலை நினைவுக்கு வந்தது. மற்றவர்களுக்கும் வரிசையாக வந்தது. கால் மணியில் ஆறு மோட்டாரும் போய்விட்டன. முத்தப்ப செட்டியார் ரிப்போர்ட்டை நாலாக மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"தொறந்து பாத்தியா?" என்றார். "பாத்துட்டுமா இடிச்சே?"

"ஆமா அப்பச்சி."

"தெரியாமச் செஞ்சிருந்தா முட்டாள்னு விட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். தோளைத் தொடவில்லை. பக்கத்தில்தான் கடந்து போனார்.

சிகப்பி ஆச்சி கதவோரமாக வந்து நின்றார். ஆசாரியின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே பேசினார். "மூணுதானே இருக்கு. போகட்டும். ஒண்ணு விட்டுருவோம்."

"விடப்படாது ஆச்சி" என்றார் ஆசாரி. அவர் குரல் அன்றுதான் கொஞ்சம் உயர்ந்தது. "நாலு காணோம்னு தெரு பூராவும் தெரியும். நாலும் வந்துச்சுன்னும் தெரியணும். நாலாவது எங்கன்னு சின்னவரு சொல்லட்டும்."

"மதராஸ்ல" என்றான் ஏகப்பன். "ரிப்போர்ட்டுல."

அவனே விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினான். கல்லூரியில் சேர்ந்தபோது போட்டது. ஆசாரி அதை வாங்கி, கீழே காகிதம் விரித்து, அரத்தால் ஒரு பக்கத்தைத் தேய்த்தார். ஏகப்பன் பக்கத்தில் நின்று பார்த்தான். பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தூள் ஒரு குன்றிமணி ஆனதும் ஆசாரி நிறுத்திவிட்டார். அரைக் குன்றிமணி கூடுதலாக எடுத்திருந்தாலும் அவன் வாய் திறந்திருக்க மாட்டான். ஆசாரிக்கு அது தெரியும்.

ஆச்சி தன் தராசைக் கொண்டுவந்து தன் கையாலேயே நிறுத்தார். நாலு. முள் நேராக நின்றது. மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லாதது.

"நாளைக்கு நாள் நல்லாருக்கு" என்றார். "வந்து உக்காரும் ஆசாரியாரே."

ஆசாரி சாமான்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார். சுற்றி முடித்த பிறகுதான் பதில் சொன்னார்.

"வாரேன் ஆச்சி. சாலாக் கொழந்தைக்கு நான்தான் செய்யணும். உரலை மட்டும் எங்க வீட்டுலேர்ந்து கொண்டாந்துர்றேன்."

கண்டரமாணிக்கத்தில் வேலியைப் பிடுங்கிவிட்டு வெடி வைத்தார்கள். இருபத்தெட்டாவது அடியில் தண்ணீர் வந்தது. செம்மலை சொல்ல வந்தவன், ஏகப்பனைப் பார்த்து, "நம்ம கல்லுல ஒண்ணும் இல்லையாமே? நல்லதாப் போச்சு சின்ன மொதலாளி" என்று மனசாரச் சிரித்தான். அவன் ஒருவன்தான் சிரித்தான்.

ஆனி பிறந்ததும் ஏகப்பன் மதராஸுக்குப் போனான். விடைத்தாளைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தான். மோதிரத்தைப் போட்டுக்கொண்டேதான் போனான். கழற்றி வைத்துவிடலாம் என்று ஆத்தா சொன்னதைக் கேட்கவில்லை. தேய்ந்த பக்கம் உள்ளங்கைப் பக்கமாக இருக்கும்படி திருப்பிக்கொள்வான். யாருக்கும் தெரியாது. எழுதும்போது மட்டும் அது பேனாவில் உரசும்.